எழுத்தில்லாத வாத்து

என் தம்பி மூன்று வயது முடிந்த பிறகும் பேசவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் வெகுநாள் கவலைப்படவே இல்லை. அவனுக்கும் சேர்த்து அம்மா பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம். பொங்கி வரும் பாலை, "இரு, இரு, என்ன அவசரம் ஒனக்கு" என்று அதட்டுவாள். விசில் அடிக்காத குக்கரிடம் கோபித்துக்கொள்வாள். காயாத துணியிடம் நியாயம் கேட்பாள். பால்காரரிடம் ஹிந்தி, காய்கறிக்காரியிடம் மராட்டி, எங்களிடம் திருநெல்வேலித் தமிழ் என்று அவளுக்கு வாய் ஓயாது. ஹிந்தியும் மராட்டியும் பாதிதான் தெரியும் என்பதை அவள் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. தம்பி அவள் இடுப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்பதே முழுநேர வேலையாக இருக்கும்போது அவன் எப்போதுதான் பேசுவது.

தொண்ணூறுகளின் நடுவில், மராட்டி பேசும் நகரம் ஒன்றின் வானவடிப் பகுதியில், ராணுவ நிலத்தை ஒட்டி எழும்பியிருந்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. எனக்கு ஒன்பது வயது. பால்கனியில் நின்றால் மரங்களும், மரங்களுக்கு அப்பால் ஒரு மைதானமும், மழைக்காலமானால் இரண்டையும் மறைக்கிற வெள்ளைப் புகையும் தெரியும். மாலையில் அந்தப் புகைக்குள்ளிருந்து பியூகிள் சத்தம் வரும். ஊதுகிறவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் தம்பியை ஒரு பெரிய பள்ளிக்கு அழைத்துப் போனோம். தலைமையாசிரியை அவன் முன்னால் ஓர் ஆப்பிள் படத்தை நீட்டி, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். தம்பி தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தான். பந்து, பூனை, மீன் என்று அவர் மாற்றி மாற்றி நீட்டினார். தம்பி ஃபேனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டில் ஒரு பாஷை, தெருவில் இரண்டு, பள்ளியில் நான்காவது என்றால் குழந்தை குழம்பத்தானே செய்யும் என்றார் அவர். வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசிப் பாருங்கள், தீபாவளி கழித்துக் கூட்டிவாருங்கள், அடுத்த வருஷத்துக்கு இடம் பார்க்கலாம் என்றும் சொன்னார். கஷாயம் வைத்துக் குடியுங்கள் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பாவுக்கோ அது மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை. மறுநாள் காலை முதல் அது எங்கள் வீட்டில் அமலுக்கு வந்துவிட்டது.

அப்பாவின் இங்கிலீஷ் கோப்புகளில் வளர்ந்தது. தம்பியை "கைண்ட்லி கம் ஹியர்" என்று கூப்பிடுவார். இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்பதை "டூ யூ ரிக்வயர் ரைஸ்?" என்று கேட்பார். பொம்மைக் காரின் சக்கரம் கழன்று கிடந்தால், இதற்கு யார் பொறுப்பு என்று இங்கிலீஷில் விசாரணை நடக்கும். தம்பி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அம்மாவிடம் போய்விடுவான்.

அம்மா பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். நாக்கில் வரவழைக்கத்தான் அவளால் முடியவில்லை. கம், ஈட், ஸ்லீப், பாத், நோ. இந்த ஐந்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு குடும்பத்தை நடத்த வேண்டியிருந்தது. பால் பொங்கி வரும்போது அதைப் பார்த்து "நோ, நோ" என்றாள். பால் கேட்கவில்லை.

அந்த ஏற்பாட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். நான் இங்கிலீஷ் மீடியம். அப்பாவே சில வார்த்தைகளுக்கு என்னிடம் சந்தேகம் கேட்டார். தவிர, எனக்கு ஒரு பதவியும் கிடைத்திருந்தது. பகலில் அப்பா ஆபீஸில் இருப்பதால், வீட்டில் யாராவது தமிழ் பேசினால் கவனித்து வைத்திருந்து மாலையில் அவரிடம் சொல்ல வேண்டும். யாராவது என்றால் அம்மாதான், வேறு யார் இருக்கிறார்கள். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரத்தில் அம்மா ஏமாற்றிப் பார்த்தாள். குளிப்பாட்டும்போது குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே தம்பியிடம் தமிழில் கொஞ்சினாள். நான் குளியலறைக் கதவில் காதை வைத்துக் கேட்டு மாலையில் சொன்னேன். இரண்டாவது முறையும் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் அம்மா முன்னால் போய் நின்றார். அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. அன்று இங்கிலீஷும் அவருக்கு மறந்துபோயிற்று. "எனக்கு மட்டும் ஆசையா? அவன் படிப்புட்டி இது. அஞ்சு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். அம்மா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த ஐந்து வார்த்தைகளையும்கூட வேண்டும்போது மட்டும் எடுத்தாள். குக்கர் தன்பாட்டுக்கு விசில் அடித்தது. துணிகள் தங்களுக்குத் தோன்றியபோது காய்ந்தன. மழை இவ்வளவு சத்தமாகப் பெய்யும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில், ஓய்வுபெற்ற மராட்டிக்காரர் ஒருவர் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார். நாங்கள் காகா என்று கூப்பிடுவோம். ஆடி மாத மழையில் அம்மா எங்கள் இருவரையும் ஒரே குடைக்குள் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். தம்பிக்கு இங்கிலீஷ் கதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. நான் எனக்குத் தெரிந்த நல்ல புத்தகங்களாக எடுத்து எடுத்து நீட்டினேன். அம்மா ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே நிறைந்திருந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். கடைசியில் அடித்தட்டிலிருந்து, முதுகு கிழிந்து நூல் போட்டுத் தைத்த ஒரு பெரிய புத்தகத்தை அவளே கண்டுபிடித்தாள். அட்டையில் ஒரு வெள்ளை வாத்து. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் படம். எழுத்தென்று ஒன்றுகூட இல்லை.

காகா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இதில் ஒன்றும் எழுதியே இல்லையே, வஹினி" என்று மராட்டியில் சொன்னார். பெண்களை மரியாதையாக அவர் அப்படித்தான் அழைப்பார். அம்மா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவள் பல் தெரியச் சிரித்து.

அது வெளிநாட்டுப் புத்தகம். விடியற்காலையில் சிவப்பு ஓட்டு வீடு ஒன்றிலிருந்து ஒரு வாத்து தனியாகக் கிளம்புகிறது. சந்தை வழியாகப் போகிறது. பாலத்தைக் கடக்கிறது. ரயில் நிலையத்தில் மனிதர்களின் கால்களுக்கு நடுவே நடக்கிறது. பனி கொட்டுகிற ஓர் ஏரிக்கரையில் நிற்கிறது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஜன்னலில் விளக்கு எரிகிறது. அவ்வளவுதான். அன்று மாலை அப்பா தம்பியை மடியில் வைத்து அதை வாசித்தார். திஸ் இஸ் எ டக், திஸ் இஸ் எ பிரிட்ஜ் என்று சாமான் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பாலம் வருவதற்குள் தம்பி மடியிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டான். எழுத்தே இல்லாததால் கெடுதலுக்கும் வழியில்லை என்று முடிவுகட்டி அப்பா புத்தகத்தை அனுமதித்தார்.

பிறகு வந்த பிற்பகல்கள் எனக்கு ஒரே பிற்பகலாகத்தான் நினைவிருக்கின்றன. பள்ளிவிட்டு வருவேன். ஈர ஷூவுக்குள் காகிதம் திணித்து வைப்பேன். பால்கனியில் மேலே கொடியில் நனைந்த போர்வைகள் தொங்கும். அவற்றுக்குக் கீழே பாயை விரித்து அம்மாவும் தம்பியும் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே மழை, உள்ளே போர்வைகளின் வழியாக வரும் சாம்பல் வெளிச்சம். அம்மாவின் விரல் அந்த வாத்தைப் பின்தொடர்ந்து தெருத்தெருவாகப் போகும். சந்தையில் நிற்கும். அம்மாவின் புருவம் உயரும். தம்பியின் புருவமும் உயரும். பாலத்தில் விரல் மெதுவாகும். ரயில் நிலையத்தில் இருவரும் தோள் குலுங்கச் சிரிப்பார்கள். ஒரு சத்தமும் வராது. நான் மேஜையில் கணக்குப் போட்டபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவிடம் போய்ச் சொல்ல எதுவும் கிடைக்காது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கிவிடும். அந்த அரைத்தூக்கத்தில் வாத்து புத்தகத்திலிருந்து இறங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கள் கூடத்தின் வழியாக நடந்து மைதானத்துப் புகைக்குள் போகும். பியூகிள் சத்தத்தில் விழித்துப் பார்த்தால் தரை காய்ந்துதான் இருக்கும்.

ஒருநாள் அம்மா என்னைப் பார்த்து, பாயில் தனக்குப் பக்கத்தில் கையால் தட்டினாள். வா என்று அர்த்தம். நான் நாலாவது படிக்கிறவள், எழுத்துள்ள புத்தகம் வாசிக்கிறவள். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுக் கணக்கில் குனிந்துகொண்டேன். அன்றைக்கு ஏன் எழுந்து போகவில்லை என்று இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வரும்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, ரப்பர் தேடுகிற சாக்கில் அவர்கள் பக்கம் போனவள், அம்மாவின் உதடுகள் அசைவதைப் பார்த்துவிட்டேன். மூச்சுக்காற்று மட்டும்தான் வந்தது, குரல் இல்லை. தம்பி வாத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பாதி திறந்துகொண்டு அம்மாவின் உதட்டையே பார்த்திருந்தான். எனக்குப் பெரிய திருடனைப் பிடித்துவிட்ட பரவசம். மாலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் யோசித்தார். சுற்றறிக்கையில் உதட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. கடைசியில் "நோ சவுண்ட், நோ அப்ஜெக்‌ஷன்" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இன்னொரு நாள், பாலத்துப் பக்கத்தில் அம்மா அழுதாள். அன்று காலையில்தான் ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. மாமாவுக்கு ஆவணியில் கல்யாணம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நாங்கள் போகப்போவதில்லை. தம்பி தன் சட்டை நுனியால் அம்மாவின் கன்னத்தைத் துடைத்தான். பிறகு அதே நுனியால் படத்திலிருந்த வாத்தையும் துடைத்தான். வாத்து ஆற்றில் விழுந்துவிட்டதாக அம்மா ஏதோ கதை கட்டியிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். புத்தகத்தில் வாத்து விழவே இல்லை. நான் பார்த்திருந்தேன்.

கணபதி மேளம் வந்து ஓய்ந்தது. நவராத்திரி போயிற்று, மழை நின்றது. காகா அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை. தம்பி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தீபாவளி நெருங்க நெருங்க அப்பா சாப்பிடுவது குறைந்தது. யாரோ சொன்னார்கள் என்று வசம்பைச் சுட்டுத் தம்பி நாக்கில் தடவச் சொன்னார். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னார், வசம்பு மட்டும் தமிழில் வந்தது.

தீபாவளி முடிந்து, ஸ்கூட்டரில் நான்கு பேரும் பள்ளிக்குப் போனோம். தம்பி முன்னால் நின்றுகொண்டான். அதே அறை, அதே ஃபேன். குளிர் தொடங்கிவிட்டதால் அது சுற்றவில்லை. தலைமையாசிரியை இந்தமுறை சுவரில் தொங்கிய ஒரு பெரிய படத்தைக் காட்டினார். ஒரு சந்தை, ஒரு வண்டி, ஓரத்தில் ஒரு குளம், குளத்தில் வாத்து. என்ன தெரிகிறது, சொல்லு என்றார்.

தம்பி அந்த வாத்தைப் பார்த்தான். அவன் புருவம் உயர்ந்தது. உதடுகள் அசையத் தொடங்கின. பார்வை சந்தைக்கு வந்தபோது ஒருமாதிரி சிரித்தான். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அசைத்தான். அப்படியே அம்மா. மூச்சுக்காற்று மட்டும் வந்தது. தலைமையாசிரியை மேஜைமேல் குனிந்து, சத்தமாகச் சொல் கண்ணா என்றார். அவன் உதடுகள் இன்னும் வேகமாக அசைந்தன. குரல் வரவில்லை. அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். காது டாக்டரிடம் காட்டினீர்களா என்று தணிந்த குரலில் கேட்டார். கதை சொல்வது என்றால் குரலை மறைத்துக்கொள்வது என்று எங்கள் வீடு அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்பது அந்த அறையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும்.

அம்மா நாற்காலியைவிட்டு எழுந்தாள். அந்தப் பெரிய அறையில், தரையில் முட்டிபோட்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்து மாதமாக நாங்கள் கேட்காத முழுக் குரலில், "எய்யா, சத்தமாச் சொல்லு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றாள்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். பிறகு பேசினான்.

"வாத்து காலையில எந்திச்சுது. பால் பொங்கிட்டு. வாத்துக்கு ஒரே சோலி. கறிவேப்பில இல்ல. வாத்துக்கு லீவு இல்ல, கல்யாணத்துக்குப் போகல. பாலத்துல நின்னு அழுதுது." மூச்சு வாங்கிக்கொண்டான். "வாத்து பேசாது. பெரிய குஞ்சு சொல்லிரும்."

அவன் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. என் தம்பிக்கு இப்படியொரு குரலா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா அவனை இழுத்து முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டாள். தலைமையாசிரியைக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் சிரித்தபடி, என்ன சொல்கிறான் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, "த சப்ஜெக்ட் இஸ் டக், மேடம்" என்றார்.

கடிதம் போடுகிறோம் என்றார்கள். வந்ததாக நினைவில்லை. தம்பி அடுத்த தெருவிலிருந்த ஒரு சின்னப் பால்வாடியில் சேர்ந்தான். அங்கே மராட்டியில் பாடி, ஹிந்தியில் சண்டை போட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் புகார் சொன்னான். இன்றைக்கு அவனை நிறுத்துவதுதான் எங்களுக்குக் கஷ்டம். அதெல்லாம் பிறகு. அன்று பள்ளி வாசலில் அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பாமல் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாவைப் பாராமலே, "டீ குடிக்கியா?" என்று கேட்டார். அம்மா, "குடிப்பம்" என்றாள். சுற்றறிக்கை அதோடு செத்துப்போயிற்று. ரத்து செய்து வேறு உத்தரவு எதுவும் வரவில்லை. மாலையில் நான் வழக்கம்போல அப்பா நாற்காலியருகே போய் நின்றேன். அம்மா காலையிலிருந்து எத்தனையோ தமிழ் பேசியிருந்தாள், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தேன். அப்பா என் தலையைத் தடவி, "போய் வெளையாடு" என்றார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. தம்பி கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டான். அந்தப் புத்தகத்தில் கறிவேப்பிலை இல்லை, சரி போகட்டும், குழந்தை. ஆனால் குஞ்சு எங்கே இருந்து வந்தது? சந்தேகம் தீர, மறுநாள் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு பால்கனிப் பாயில் உட்கார்ந்தேன். போர்வைகள் எல்லாம் காய்ந்து மடித்து உள்ளே போய்விட்டதால் நல்ல வெயில் இருந்தது. சந்தை வண்டிகளுக்கு அடியில், பாலத்துக்குக் கீழே, ரயில் நிலையத்துக் கால்களுக்கு நடுவே, பனிக்குள் எல்லாம் தேடினேன். இரண்டுமுறை முன்னிருந்து பின், ஒருமுறை பின்னிருந்து முன். தொடக்கம் முதல் கடைசிவரை வாத்து தனியாகத்தான் இருந்தது.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அடுப்பிலிருந்த பாலிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பக்கத்துலயும் குஞ்சே இல்லம்மா. தம்பி பொய் சொல்லியிருக்கான்" என்றேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். என்னை அருகில் இழுத்து, புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். நிஜமாகவே தேடுவதுபோல, அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"ஆமாட்டி, இல்ல. நாந்தான் சரியாப் பாக்கல" என்றாள்.

பின்னால் பால் பொங்கி வழிந்தது. அம்மா என்னை விடவில்லை. ஜெயித்துவிட்ட திருப்தியில் நான் அவள் மடியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.